டி.எம்.எஸ். தம் முகத்தோடு பாடியபோது என் தாயார் ஏன் கண்ணை மூடிக்கொண்டார்?

கன்னங்குறிச்சிவாசி

அனைவருக்கும் வணக்கம். சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்புக் கூடம் இருந்த இடத்தில் இன்றும் நின்றுகொண்டிருக்கும் நுழைவு வளைவைத் தாண்டித்தான் நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறேன். அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் பழைய படங்களைப் பற்றி ஏதேனும் ஒரு கேள்வி மனத்தில் எழும். இம்முறை எழுந்த கேள்விக்குக் காரணம் என் தாயார்.

சென்ற வாரம் தொலைக்காட்சியில் 1962-இல் வெளிவந்த பட்டினத்தார் ஒளிபரப்பானது. டி.எம்.சௌந்தரராஜன் அவர்களே பட்டினத்தாராக நடித்த படம் அது. என் தாயாருக்கு எழுபத்தொரு வயது, டி.எம்.எஸ். பாடல் ஒன்றாவது கேட்காமல் அவருக்கு ஒரு பொழுதும் போகாது. ஆவலோடு வந்து உட்கார்ந்தவர், பாடல் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். உரையாடல் வந்தால் திறப்பார், பாடல் வந்தால் மூடுவார். உறக்கம் வருகிறதா என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "கண்ணைத் தொறந்தா யாரோ ஒருத்தரு பாடறாரு, மூடுனா சிவாஜி வந்துடறாருடா."

அந்தக் குரலுக்கு உரியவரே திரையில் பாடும்போது அவர் "யாரோ ஒருத்தர்" ஆகிவிடுகிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்த் திரையை ஆண்ட பின்னணிப் பாடகர், கதாநாயகனாக நடித்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எஸ்.பி.பாலசுப்பிரமணியம் அவர்களோ பாடிக்கொண்டே நடிகராகவும் நிலைபெற்றார். இந்த வேறுபாடு எதனால் வந்தது? தோற்றம்தான் காரணம் என்றால் எஸ்.பி.பி.யும் பருமனானவர்தாம். எனவே வேறு ஏதோ இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

பொன்னம்மாபேட்டை தறிக்காரர்

தம்பி, உங்கள் தாயாரின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் வெளிவந்த காலத்தில் அதைப் பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு குழித்தறி. நாங்கள் சௌராஷ்டிரர்கள். மதுரையில் மீனாட்சி ஐயங்காரின் மகனாகப் பிறந்த சௌந்தரராஜன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்ற எண்ணம் இங்குள்ள ஒவ்வொரு தறிக்காரருக்கும் இருந்தது. இலங்கை வானொலியில் அவர் பாடல் வந்துவிட்டால் என் தந்தையார் மிதிப்பதை நிறுத்திவிடுவார். நாடா பாதிப் பாவில் நிற்கும். பாடல் முடிந்த பிறகுதான் மறுபடியும் தறிச் சத்தம் கேட்கும். கூலிக்கு நெய்பவர் ஒருவர் வேலையை நிறுத்தி ஒரு பாடலைக் கேட்கிறார் என்றால் அதன் பொருளைப் புரிந்துகொள்ளுங்கள்.

பட்டினத்தார் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. எங்கள் தெருவே தறியை நிறுத்திவிட்டுப் படத்துக்குப் போனது. "ஒரு மடமாதும் ஒருவனுமாகி" என்று அவர் தொடங்கியதும் அரங்கில் பேச்சு அடங்கியது. கருவில் உருவாவதிலிருந்து சுடுகாட்டில் வேகும் வரை ஒரு மனிதனின் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லும் அந்தப் பாட்டைக் கேட்டு என் பாட்டனார் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அங்கே யாருக்கும் சிவாஜி நினைவுக்கு வரவில்லை. துறவியாக நின்ற அந்த மனிதரைத்தான் நாங்கள் பார்த்தோம்.

ஆகவே டி.எம்.எஸ். நடிகராகத் தோற்றார் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டிவிட வேண்டாம். அவர் எந்த வேடத்தை ஏற்றார், எந்த வேடத்தை ஏற்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒலித்தடம்

மிகவும் பயனுள்ள கேள்வி. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பழைய திரையிசை என் நெடுநாள் ஈடுபாடு. இக்கேள்விக்கு விடை காண டி.எம்.எஸ்.ஸுக்கும் முந்தைய காலத்திற்குச் செல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளில் "பாடகர் நடிகரானார்" என்ற சொற்றொடருக்கே பொருள் இல்லை, ஏனெனில் பாடத் தெரியாதவருக்குக் கதாநாயக வேடமே கிடைக்காது. கேமராவின் முன் நின்று நடித்துக்கொண்டே பாட வேண்டும். அங்கேயே ஒலிப்பதிவும் நடக்கும். நாடக மேடையிலும் இசைத்தட்டிலும் புகழ்பெற்ற குரல்கள் அப்படியே திரைக்கு வந்தன. நம் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் 1935-இல் நந்தனார் வேடம் ஏற்க ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அந்தத் தொகை அவருடைய குரலுக்கே தரப்பட்டது. ஒரு பெண் ஆண் வேடத்தில் வருகிறாரே என்று பார்த்தவர்கள் தயங்கவில்லை. இசைத்தட்டில் கேட்ட குரல் கண்ணெதிரே ஓர் உருவமாக வந்து நின்றதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. இங்கே, சேலத்திலேயே, மாடர்ன் தியேட்டர்ஸ் உரிமையாளர் டி.ஆர்.சுந்தரம் 1940-இல் உத்தம புத்திரன் எடுத்தபோது, தமிழின் முதல் இரட்டை வேடம் என்று சொல்லப்படும் அந்தப் பொறுப்பை நாடக மேடையில் பாடி வளர்ந்த பி.யு.சின்னப்பாவிடம்தான் ஒப்படைத்தார்.

குரலும் முகமும் பிரியத் தொடங்கியது 1938-இல். ஏ.வி.மெய்யப்பனின் நந்தகுமாரில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். அதே மெய்யப்பன் 1945-இல் ஸ்ரீவள்ளி எடுத்தபோது கதாநாயகி குமாரி ருக்மிணியின் பாடல்களை நீக்கிவிட்டு, பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, அந்தக் குரலை ருக்மிணியின் உதட்டசைவோடு பொருத்தினார். அதே படத்தில் முருகனாக வந்த டி.ஆர்.மகாலிங்கம் தம் சொந்தக் குரலில்தான் பாடினார். ஒரே திரையில், ஒரே காட்சியில், ஒருவர் பழைய காலத்தவராகவும் மற்றொருவர் புதிய காலத்தவராகவும் நிற்கிறார்கள். இந்த இடத்தை நான் என் மாணவர்களிடம் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

டி.எம்.எஸ். திரையில் பாடத் தொடங்கியது 1950-இல், கிருஷ்ண விஜயத்தில். அதே ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸின் மந்திரி குமாரியிலும் பாடினார். இளமையில் அவர் மனத்தில் குடியிருந்தவர், பாடி நடித்துப் புகழ்பெற்ற எம்.கே.தியாகராஜ பாகவதர், பாகவதரைப் போலவே பாடியும் வந்தார். பாகவதரை விரும்பும் ஒருவருக்குப் பாடுவதோடு நிற்க மனம் வருமா? பாடி நடிப்பதுதான் அந்தக் கனவின் முழுமை. ஆனால் டி.எம்.எஸ். வந்து சேர்ந்த நேரத்தில் அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. சுருங்கச் சொன்னால், அவருடைய ஆசை 1940-களைச் சேர்ந்தது. அவருக்கு வாய்த்த தொழில் 1950-களைச் சேர்ந்தது.

சேர்வராயன் சாரல்

ஐயா எழுதியதைப் படித்ததும் என் சிறுவயதில் ஏற்காட்டில் கண்ட ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. என் தந்தையார் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார். ஒருநாள் ஏரிக்கு மேலே படப்பிடிப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பள்ளிக்குப் போகாமல் ஓடினோம். மரத்தில் ஓர் ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தார்கள். அதில் பாட்டு தொடங்கும், நடிகர் வாயசைப்பார், உடனே "கட்" என்பார்கள், பாட்டு பாதிச் சொல்லில் அறுந்துபோகும். மறுபடியும் அதே வரி. பனிமூட்டம் இறங்கி வந்து மூடும், எல்லோரும் காத்திருப்பார்கள், விலகியதும் மீண்டும் அதே வரி. அந்த ஒரு வரியை அன்றைக்கு நான் முப்பது முறையாவது கேட்டிருப்பேன்.

என் அருகில் நின்ற ஒரு பாட்டி, தோட்டத்தில் பழம் எடுப்பவர், கடைசியில் ஒன்று சொன்னார்: "தொண்டையைப் பாரு சாமி, அசையவே இல்லை." அதன்பிறகு நான் எந்தப் படத்திலும் பாடுபவரின் தொண்டையைப் பார்க்காமல் இருந்ததில்லை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. சிவாஜி கணேசன் வாயசைத்த பாடல்களில் அவருடைய கழுத்து நரம்பு புடைக்கும், கன்னம் துடிக்கும், மூச்சை உள்ளே இழுப்பது தெரியும். பாடாதவர் பாடுவதாக நம்மை நம்பவைக்க அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது. நன்றாகப் பாடத் தெரிந்தவரின் முகமோ பாடும்போது அமைதியாக இருக்கும். நம் ஊர்க் கோவில் கச்சேரிகளில் பாருங்கள். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பாடகர் கண்ணை மூடி அசையாமல் இருப்பார். டி.எம்.எஸ். திரையில் பாடியபோதும் அந்த அமைதிதான் தெரிகிறது. சிவாஜியின் முகத்தில் பாட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு அது போதாமல் போயிற்று என்று தோன்றுகிறது.

சூரமங்கலம் ஆசிரியை

தொண்டையைப் பற்றி எழுதியவருக்கு என் நன்றி. அதை எஸ்.பி.பி.யிடமிருந்து தொடர விரும்புகிறேன். என் தலைமுறைக்கு அவர்தான் எல்லாம்.

1969-இல் அடிமைப்பெண்ணிலும் சாந்தி நிலையத்திலும் பாடித் தமிழில் அறிமுகமானவர், 1990-இல் கேளடி கண்மணியில் முதன்மை வேடம் ஏற்றபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. மகளை வளர்க்கும், மனைவியை இழந்த ஒரு நடுத்தர வயதுக்காரர்; ராதிகா ஏற்ற ஆசிரியையின்மேல் அவருக்கு வரும் அன்பு; அதை ஏற்க முடியாத மகள். இந்த வேடத்துக்கு ஒரு நட்சத்திரம் வந்திருந்தால் கதை கெட்டுப்போயிருக்கும். வங்கியிலோ அஞ்சலகத்திலோ நமக்கு அடுத்து வரிசையில் நிற்பவரைப் போன்ற ஒருவர் தேவைப்பட்டார். இயக்குநர் வசந்த் தம் முதல் படத்திலேயே அதைக் கண்டுகொண்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அந்தப் படத்தில் கடற்கரையில் அவர் மூச்சுவிடாமல் பாடுவதாக வரும் பாடலைப் பாருங்கள். அவர் நடையைப் பாருங்கள். கதாநாயகர்கள் பாடல் காட்சியில் நடப்பதுபோல் அவர் நடக்கவில்லை. சாதாரணமாக, சற்றுக் கூச்சத்தோடு, தம்மால் இது முடியும் என்று ஒரு பெண்ணிடம் காட்ட முயலும் ஒருவராக நடக்கிறார். பாடல் முடிந்ததும் முகத்தில் வரும் களைப்பை நான் மிகவும் விரும்புகிறேன்.

அவரால் இது முடிந்ததற்குக் காரணம், அவர் பாடும்போதே நடித்தவர். வரிகளுக்கிடையே சிரிப்பார், விம்முவார், ஒரு சொல்லைப் பேச்சாகவே உதிர்ப்பார். அத்துடன் கமல்ஹாசனின் படங்கள் தெலுங்குக்குச் சென்றபோது அவருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவரும் எஸ்.பி.பி.தான். ஒரு தேர்ந்த நடிகரின் முகத்தை ஒலிப்பதிவுக் கூடத்தில் பார்த்துப் பார்த்து, எங்கே நிறுத்துகிறார், எங்கே விழுங்குகிறார் என்று கவனித்து வசனம் பேசியவருக்கு அதைவிடச் சிறந்த நடிப்புப் பயிற்சி வேறு எங்கே கிடைத்திருக்கும்?

இன்னொரு செய்தி. மின்சார கனவு படத்தில் அவர் தந்தை வேடத்தில் வந்தார். அதே படத்தில் இளைஞர் ஒருவருக்காக அவர் பாடிய "தங்கத் தாமரை" பாடலுக்கு 1996-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. ஒரே படத்தில் அவர் முகம் தந்தையாகவும் குரல் காதலனாகவும் இருக்கின்றன. அதைப் பார்த்த எவரும் குழம்பவில்லை. என் மாணவிகளிடம் கேட்டால், அதைக் கவனித்ததே இல்லை என்பார்கள்.

கன்னங்குறிச்சிவாசி

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தபின் எனக்கு ஒரு விடை கிடைத்ததாக நினைக்கிறேன். எஸ்.பி.பி.யின் குரல் எம்.ஜி.ஆர்., ஜெமினி கணேசன், கமல், ரஜினி, மோகன் என்று பல முகங்களுக்குப் போயிற்று. எனவே அந்தக் குரல் எவருடைய உடைமையாகவும் ஆகவில்லை. அவர் திரைக்கு வந்தபோது அதை எளிதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். டி.எம்.எஸ்.ஸின் குரலை நாம் ஏற்கெனவே இருவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். 1954-இல் தூக்குத் தூக்கியில் சிவாஜிக்கும் மலைக்கள்ளனில் எம்.ஜி.ஆருக்கும் அவர் பாடியதிலிருந்து, இரண்டு பெரிய முகங்கள் அந்தக் குரலின்மேல் உரிமை கொண்டுவிட்டன. பிறகு அதன் சொந்தக்காரரே வந்து கேட்டாலும் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

பொன்னம்மாபேட்டை தறிக்காரர்

தம்பி, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழுவதும் சரியில்லை. ஜெய்சங்கர், ரவிச்சந்திரன், நாகேஷ் என்று எத்தனையோ பேருக்கு டி.எம்.எஸ். பாடியிருக்கிறார். முகங்களின் எண்ணிக்கையை வைத்து இதை அளக்க முடியாது.

நான் அறுபது ஆண்டுகளாக அவர் குரலைக் கேட்டு வருகிறேன். என் கணிப்பில் அவருக்கு மூன்று குரல்கள் உண்டு. சிவாஜிக்கென்று நெஞ்சிலிருந்து எழும் கனத்த குரல் ஒன்று. எம்.ஜி.ஆருக்கென்று சற்று உயர்த்தி, மூக்கில் லேசாகத் தட்டி, சொல்லை வெட்டென்று வீசும் குரல் மற்றொன்று. யாருக்குப் பாடுகிறோம் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்பக் குரலை மாற்றிக்கொள்வார் என்பது எல்லாரும் அறிந்ததே. மூன்றாவது குரல் அவருடைய முருகன் பாடல்களில் இருக்கிறது. உள்ளம் உருகுதய்யா என்று அவர் பாடும்போது எந்த நடிகரின் முகம் வருகிறது? ஒருவரும் வரமாட்டார். அந்தக் குரலை அவர் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை.

பட்டினத்தாரிலும் 1964-இல் வந்த அருணகிரிநாதரிலும் அவர் நடித்தபோது இந்த மூன்றாவது குரலில் பாடிய இடங்களெல்லாம் நன்றாக அமைந்தன. சிவாஜிக்குப் பாடிய குரலில் பாடிய இடங்களில்தான் உங்கள் தாயார் கண்ணை மூடியிருப்பார். இது என் எண்ணம். வேண்டுமானால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அருணகிரிநாதரைப் போட்டுக் காட்டுங்கள். அதில் முற்பகுதியில் இளமைக் களியாட்டம், பிற்பகுதியில் திருப்புகழ். அம்மா எங்கே கண்ணை மூடுகிறார், எங்கே திறக்கிறார் என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.

கருப்பூர் மாணவன்

பெரியவர்களின் உரையாடலை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். எங்கள் காலத்து நிலையைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். ஹிப்ஹாப் தமிழா ஆதியின் குரலை நாங்கள் முதலில் கேட்டதே யூடியூபில், அவர் முகத்தோடுதான். 2017-இல் மீசைய முறுக்கு படத்தில் தம் வாழ்க்கையையே தழுவி எழுதி, இயக்கி, நடித்தபோது எங்களுக்கு அந்த முகம் புதிதாக இல்லை. இப்போது ஒரு பாடல் பதிவாகும் நாளிலேயே பாடுபவரைப் படம் பிடித்து வெளியிட்டு விடுகிறார்கள். முகம் தெரியாத குரல் என்று ஒன்று எங்களுக்குக் கிடைப்பதே அரிது.

ஒரே ஒரு விதிவிலக்கு எனக்குத் தெரியும். 1993-இல் ஜென்டில்மேன் படத்தின் "சிக்குபுக்கு ரயிலே" பாடலில் ஒலித்த சிறுவன் குரல் ஜி.வி.பிரகாஷ்குமாருடையது. அவர் 2015-இல் டார்லிங் படத்தில் கதாநாயகனாக வந்தபோது அந்தச் சிறுவன்தான் இவர் என்று நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. பெரியவர் சொல்வதுபோல் அந்தக் குரல் யாருக்கும் உரிமையாகவில்லை என்பதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஒலித்தடம்

மாணவரே, சிறுவயதுக் குரல் உடைந்து மாறிவிடுவதால் அதை இங்கே சேர்க்க முடியாது. ஆனால் முகத்தோடு பிறந்த குரல் என்று நீங்கள் சொன்னது முக்கியமானது. நந்தனார் காலத்தில் இருந்த நிலைக்கு, வேறொரு வழியில் சுற்றித் திரும்பி வந்திருக்கிறோம். இடைப்பட்ட ஐம்பது, அறுபது ஆண்டுகளில் மட்டும்தான் குரல் தனியாகவும் முகம் தனியாகவும் வாழ்ந்தன. டி.எம்.எஸ். அந்த இடைக்காலத்தின் நடுப்பகலில் இருந்தவர்.

தறிக்கார ஐயாவின் மூன்று குரல்களை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அதற்குத் துணையாக ஒன்று சொல்கிறேன். ஸ்ரீவள்ளியில் சொந்தக் குரலில் பாடிய டி.ஆர்.மகாலிங்கம், பின்னணி முறை வேரூன்றியபின் வாய்ப்புக் குறைந்து, சொந்தப் பட முயற்சிகளில் பொருளிழந்து, 1958-இல் கண்ணதாசனின் மாலையிட்ட மங்கையில்தான் மீண்டு வந்தார். 1965-இல் திருவிளையாடலில் பாணபத்திரராக, இறைவன் முன் நின்று உருகிப் பாடும் இசைவாணராக அவரைப் பார்த்தபோது எவருக்கும் உறுத்தவில்லை. அதே படத்தில் ஔவையாராகச் சுந்தராம்பாளும் வந்தார். சொந்தக் குரலோடு திரையில் நிற்பவர்களுக்கு அக்காலத்தில் எஞ்சியிருந்த இடம் பெரும்பாலும் பக்திதான். டி.எம்.எஸ். பட்டினத்தாரையும் அருணகிரிநாதரையும் ஏற்றதில் அவருடைய பக்தியோடு அந்தத் தெளிவும் கலந்திருந்தது என்றே கருதுகிறேன்.

கன்னங்குறிச்சிவாசி

தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவுக்கு அருணகிரிநாதர் படத்தைப் போட்டுக் காட்டினேன். எதற்கு என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முற்பகுதியில் வந்த பாடல்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். நடுவே எழுந்து சமையலறைக்குப் போய் மோர் கலக்கி எடுத்து வந்தார். அங்கிருந்தபடி பாட்டை மட்டும் கேட்டுத் தலையசைத்தார். "முத்தைத்தரு பத்தித் திருநகை" தொடங்கியபோது மோர்க்குவளை கையில் இருந்தது. அதை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, வாயருகே கொண்டுபோகாமல், பாட்டு முடியும்வரை திரையையே பார்த்தார். ஒருமுறைகூடக் கண்ணை மூடவில்லை.

முடிந்தபின் கேட்டேன், "இப்ப சிவாஜி வரலையா அம்மா?" என்று. "இதுல எதுக்குடா அவரு?" என்றார்.

தறிக்கார ஐயா, பட்டினத்தாரில் "ஒரு மடமாதும்" வந்தபோதும் அம்மா கண்ணை மூடித்தான் இருந்தார். எனவே உங்கள் கணிப்புக்கு அந்த ஒரு பாட்டு ஒத்துவரவில்லை. காரணம் கேட்டேன். அப்பா இறந்த பதின்மூன்றாம் நாள் அதை ஓதுவார் பாடினார், அன்றிலிருந்து அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் கண்ணை மூடித்தான் கேட்பேன் என்றார்.